வலை பொத்தத் தெரிந்த ஊருக்குப் பிளாஸ்டிக் கனவு பிடிப்பான் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு மகளிர் பக்கத்தில், வீட்டிலேயே செய்யக்கூடிய கைவேலை என்று ட்ரீம் கேச்சர் எனப்படும் கனவு பிடிப்பான் செய்யும் முறை வந்திருந்தது. படம் நல்ல வடிவு. செய்முறையைப் படித்தபோதுதான் மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள், ஆயத்தமாக விற்கும் லேஸ் வட்டத்தைப் பசை போட்டு அதில் ஒட்டுங்கள், சாயம் பூசிய இறகுப் பக்கற் ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள், படுக்கைக்கு மேலே மாட்டினால் கெட்ட கனவு வராது. இவ்வளவுதான். நடுவில் உள்ள வலையை எப்படிக் கட்டுவது என்று ஒரு வரி இல்லை. அது எந்த மக்களுடைய பொருள் என்றும் இல்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு வளையமும் கொஞ்சப் பசையும்தான். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் முல்லைத்தீவுச் சிலாவத்தையில் இருக்கிறேன். தையல் வேலை. அப்பா கரைவலைத் தொழிலாளி. கரையோரக் கொட்டிலான வாடியில் அவர் அறுந்த வலையைப் பொத்தும்போது பக்கத்தில் குந்தியிருந்து ஊசிக்கு நூல் சுற்றிக் கொடுத்தே எனக்கு முடிச்சுகள் பழகின. இப்போது பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பின்னேரத்தில் என் முற்றத்துக்கு வருவார்கள். வெட்டுத்துணியில் பை தைப்போம், ஓலை பின்னுவோம், கனவு பிடிப்பானும் கட்டுவோம்.

கனவு பிடிப்பான் எங்கள் வீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தபோது ஒன்று கொண்டுவந்தாள். அங்குள்ள ஒஜிப்வே இனத்துப் பெண் ஒருவர் கையால் கட்டியது. வளைத்த மரக்கொம்பு, உள்ளே மெல்லிய நூல் வலை, ஒரேயொரு மணி, கீழே இரண்டு இறகு. கையில் வாங்கியவுடன் என் கண் போனது வலைக்குத்தான். எங்கள் மீன்வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு விழும். ஒரு கண் அறுந்தாலும் மற்றக் கண் அசையாது. அந்த வலையில் முடிச்சே இல்லை. வளையத்தில் கட்டிய முதல் முடிச்சும் நடுவில் முடித்த கடைசி முடிச்சும்தான். இடையில் நூல் நூலைக் கொளுவிக்கொண்டு, இழுப்பின் பலத்திலேயே நிற்கிறது. ஓரிடத்தில் விரலால் அமத்தினால் முழு வலையும் சேர்ந்து அசைகிறது. பசை போட்டு ஒட்டிய லேஸ் வட்டத்தை எப்படி அமத்தினாலும் இது கிடைக்காது.

ஒஜிப்வே மக்கள் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி, கனடா அமெரிக்கா என்ற இரண்டு நாடுகளிலும் வாழும் பூர்வீகக் குடிகள். அனிஷினாபே என்ற பெரிய மக்கள் கூட்டத்தில் அவர்களும் சேர்த்தி. பிள்ளைகளைக் காக்கும் சிலந்திப் பெண் ஒருத்தியைப் பற்றி அவர்களிடம் கதை உண்டு. மக்கள் பெருகி நாலா பக்கமும் பரவியபோது ஒவ்வொரு பிள்ளையிடமும் அவளால் போய்ச்சேர முடியவில்லையாம். அவளுடைய வேலையைத் தாய்மாரும் பாட்டிமாரும் எடுத்துக்கொண்டு, வில்லோ மரக்கொம்பை வளைத்து வலை கட்டித் தொங்கவிட்டார்களாம். கெட்டது வலையில் மாட்டி, விடியற்காலை வெளிச்சத்தில் அழிந்துவிடும். லக்கோட்டா என்ற இன்னொரு இனத்தாரிடம் கதை மறுபக்கமாகவும் சொல்லப்படுகிறது: நல்லது வலையில் தங்கும், கெட்டது நடு ஓட்டையால் போய்விடும். வலை வளையத்தைத் தொடும் இடங்களை எட்டாக வைப்பவர்கள், அது சிலந்தியின் எட்டுக் கால் என்பார்கள்.

பிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒஜிப்வே மக்களின் வழக்கங்களைப் பக்கத்திலிருந்து பார்த்து, 1929 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதில் இந்த வலையும் வருகிறது. அக்காவின் மகள் அந்தப் பகுதியைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அங்கே கைக்குழந்தையை ஒரு பலகையில் வைத்துச் சுற்றிக்கட்டித் தாய் முதுகில் சுமப்பாள். பிள்ளையின் தலைமாட்டில் ஒரு மரவளைவு இருக்கும். அதில்தான் சிறிய வலைகள் தொங்கும், வழக்கமாக இரண்டு. வளையம் மூன்றரை அங்குலம் அகலம், நூலுக்குச் சிவப்புச் சாயம். முந்திய காலத்தில் காட்டுச் செடியின் நாரைத் திரித்து நூலாக்கியிருக்கிறார்கள். காற்றில் வரும் தீங்கை, சிலந்தி வலை தன்னைத் தொட்டதைப் பிடித்து வைப்பது போல, இது பிடித்து வைக்கும் என்று அவர்கள் சொன்னதாக டென்ஸ்மோர் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஏணைதான் நினைவு வந்தது. சேலை ஏணை கட்டி, மேலே ஓலைக் கிளி தொங்கவிட்டு, பிள்ளையின் கையில் வசம்பு கட்டி, பயந்து அழுத பிள்ளைக்குக் கோயிலில் நூல் கட்டுவித்து வளர்த்தவர்கள்தானே நாங்களும். பெரிய ஏரிக்கரையில் இருந்த தாய்க்கும் எங்கள் கடற்கரையில் இருந்த தாய்க்கும் இரவில் வந்த பயம் ஒன்றுதான். அவள் கையில் இருந்த கொம்பும் நாரும் கொண்டு அவள் ஒன்றைச் செய்தாள். அதைச் செய்தவளின் பெயரை விட்டுவிட்டு, 'அழகிய அலங்காரப் பொருள்' என்று மட்டும் நாங்கள் போடுவது சரியில்லை.

அந்த மக்களுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். கனடாவில் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள். சொந்த மொழி பேசினால் அடி. பலர் வீடு திரும்பவேயில்லை. 2008 ஆம் ஆண்டு அந்த நாட்டுப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015 இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் முடிவறிக்கையை வெளியிட்டது. தலைமாட்டில் வலை கட்டித் தொங்கவிட வீட்டில் பிள்ளையே இல்லாமற்போன பாட்டிமார் அவர்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் இருக்கும் தாய்மாரைத் தினமும் கடந்து போகிற எங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு கஷ்டத்துக்குள்ளும் கைவிடாமல் வைத்திருந்த ஒரு வேலையை அந்த மக்கள் மற்றவர்களுக்கும் காட்டியிருக்கிறார்கள். 1960களிலும் 70களிலும் மற்றப் பூர்வீக இனங்களுக்குள்ளும் பரவியது. அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது: பூர்வீகக் குடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பது குற்றம். எங்கேயோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கடகக் கூடையை வன்னிப் பெண்களின் கைவேலை என்று விற்றால் எங்களுக்குக் கோபம் வராதா? அதே நியாயம்தான்.

ஆகவே பிள்ளைகளிடம் முதலில் யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் நூலைக் கையில் கொடுப்பேன். நாங்கள் கட்டுவது அவர்களிடம் பார்த்துப் பழகியது. அதை நாங்கள் விற்பதில்லை.

இனிச் செய்முறை. தங்கள் பக்கத்தில் வரவேண்டியிருந்தது இதுதான்.

வளையத்துக்கு எங்கள் பக்கத்தில் புளியம் மிலாறுதான் தோது. பச்சையாக, சுண்டுவிரலிலும் மெல்லியதாகப் பார்த்து முறித்து, இலையை உருவி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவிடவேண்டும். அடுத்த நாள் முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைக்க வரும். நுனியும் அடியும் நாலு விரல் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று வரவிட்டு, பனை நாரால் இறுக்கிக் கட்டி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் கோணிவிடும். அவசரம் என்றால் பழைய உலோக வளையலோ, பூத்தையல் சட்டத்தின் உள்வளையமோ போதும். வளையத்தைச் சுற்ற ஓலை இருக்கிறதே! கடகம் இழைக்கிற குருத்தோலையை மெல்லிதாக வார்ந்து, தண்ணீரில் ஊறவைத்துச் சுற்றினால் வெடிக்காது. சாயம் போட்டு அவித்த ஓலை என்றால் இன்னும் வடிவு. ஒஜிப்வே பெண்கள் தங்கள் ஊர்க் கொம்பிலும் நாரிலும் கட்டினார்கள், நாங்கள் எங்கள் ஊர் மரத்தில் கட்டுகிறோம்.

நூல் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தங்கூசி என்கிற நைலோன் நூல். அது வேண்டாம். வழுக்கும், இழுப்பு நிற்காது, சின்னப் பிள்ளையின் விரலையும் வெட்டும். வலை பொத்துகிற பின்னல் நூலோ, முறுக்கிய பருத்தி நூலோதான் நல்லது. பருத்தி நூலை மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்தெடுத்தால் நார் பிரியாது. அளவு, நாலு அங்குல வளையத்துக்கு இரண்டு பாகம். பாகம் தெரியாத பிள்ளைக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டுங்கள். நூலை நீளமாகத் தொங்கவிட்டுக் கட்டினால் சிக்குப்படும். ஒரு ஈர்க்குத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டால் வலை ஊசி மாதிரியே ஓட்டைக்குள்ளால் போய்வரும்.

நார்க் கட்டு இருக்கிற இடத்தில் நூலை வளையத்தோடு முடியுங்கள். அங்கிருந்து ஒரே திசையில் போகவேண்டும். கொஞ்சம் தள்ளி, நூலை வளையத்துக்கு மேலால் கொண்டுபோய், பின்பக்கமாகச் சுற்றி, நடுவால் எடுத்து, வந்த நூலுக்கு மேலாக வெளியே விட்டு இழுக்கவேண்டும். நூல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். இப்படி வளையத்தைச் சுற்றி எட்டு இடம், இடைவெளி ஒரே அளவு. முதல் முடிச்சையும் அந்த எட்டில் சேர்த்து எண்ணுங்கள். இந்தச் சுற்றில் நூல் நேராக இருந்தால் போதும், இறுக்கவே கூடாது.

எட்டாவது இடம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் முதல் முடிச்சுக்குத் திரும்பிப் போய் அங்கேயே கட்டப் பார்ப்பார்கள். அப்படிக் கட்டினால் வலை அந்த இடத்தோடு நின்றுவிடும். வளையத்தை இனி மறந்துவிட வேண்டும். முதல் முடிச்சுக்கும் இரண்டாவது கட்டுக்கும் இடையில் ஒரு நூல் நேராக நிற்கிறதல்லவா, அதன் நடுவில் போய் அதே மாதிரிக் கொளுவுங்கள். இப்போது இழுக்கலாம். இழுக்க இழுக்க அந்த நேர்நூல் நடுவில் மடங்கி உள்ளே வரும். பிறகு அடுத்த நூலின் நடு, அதற்கடுத்ததன் நடு. ஒரு சுற்று முடியும்போது பார்த்தால் சரிந்த சதுரமாகக் கண்கள் விழுந்திருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை இந்த இடத்துக்கு வந்ததும் "அன்ரி, இது அப்பாவின்ரை வலைக்கண்!" என்று கத்திக்கொண்டு எழும்பி ஓடினாள், தகப்பனிடம் காட்ட. அவர் வந்து வளையத்தை வாங்கி, ஒரு பேச்சும் பேசாமல் மிச்சத்தை அவளோடு சேர்ந்திருந்து கட்டினார். கடலுக்குப் போகிற மனிதர். பிள்ளையின் பாடம், கைவேலை என்று அவர் குந்தியிருந்ததை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

மூன்றாம், நான்காம் சுற்றில் கண்கள் சிறுக்கும். இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒரு பக்கம் கூடினால் நடு ஓட்டை சரிந்துபோகும். மணி கோப்பதாக இருந்தால் இந்தச் சுற்றுகளில் ஏதாவது ஓரிடத்தில் நூலில் ஏற்றிவிட்டுத் தொடருங்கள். வலையில் இருக்கிற சிலந்தி அதுதான், ஆகவே ஒன்று போதும். நடுவில் சின்ன விரல் நுழையும் அளவு ஓட்டை வந்ததும் நிறுத்தி, இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டுங்கள். நூல் இடையில் முடிந்துபோனால் வலை முடிச்சுப் போட்டு ஒட்டலாம். அந்த முடிச்சு தெரியாத ஆள் எங்கள் கரையில் இருக்கமாட்டார்.

மணிக்கு எதைப் போடுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. குன்றிமணி வேலியோரம் எல்லாம் கிடக்கிறது, சிவப்பும் கறுப்புமாய் ஆசையாகவும் இருக்கும். அதைத் தொடவேண்டாம். உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் தோல் கெட்டி என்பதால் தப்பினாலும் தப்பலாம்; துளைபோட்ட மணியைப் பிள்ளை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. துளைபோடும்போது வரும் தூளும் கூடாது. கரையில் பொறுக்கும் சோகி, ஓட்டை விழுந்த சிறு சிப்பி, உடைந்த மாலையின் மணி, எது வேண்டுமானாலும் போடலாம், குன்றிமணி மட்டும் வேண்டாம்.

இறகுக்குச் சேவல் இருக்கிறது. உதிர்ந்த வால் இறகைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டால் பேனும் போகும், மணமும் போகும். மயிலிறகு கேட்காத பிள்ளை இல்லை. எங்கள் வயல்களில் மயில் கூட்டம் கூட்டமாக நிற்கிறது, உண்மைதான். ஆனால் மயிலிறகுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மயிலுக்குக் கண்ணி வைக்கவும் ஆள் வரும். ஆகவே எங்கள் முற்றத்தில் மயிலிறகு கட்டுவதில்லை. இறகே கிடைக்காவிட்டால் ஓலையை இறகு வடிவில் வெட்டி, இரண்டு ஓரத்தையும் ஊசியால் கிழித்துவிடுங்கள், காற்றுக்கு நன்றாக ஆடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஏணைக்கு நேர் மேலே மட்டும் மாட்டவேண்டாம். நூலும் மணியும் பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில், யன்னல் பக்கமாகத் தொங்கட்டும்.

கடைசியாக, 'மாட்டினால் கெட்ட கனவு வராது' என்று தாங்கள் போட்ட அந்த வரி. வேறு ஊரில் அது ஒரு விளையாட்டு வரியாக இருக்கலாம். இங்கே 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2009 இல் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. இந்த ஊரில் இரவில் திடுக்கிட்டு எழும்பி, விளக்கைப் போட்டுவிட்டு விடியும்வரை குந்தியிருக்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். என்னிடம் சட்டை தைக்க வரும் பெண்களே சொல்வார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துக்கொண்டு வந்து, "இதைக் கட்டினால் நித்திரை வருமோ?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வளையமும் நூலும் கொடுத்துப் பக்கத்தில் இருத்தினேன். கட்டிக்கொண்டே கதைத்தார், நிறையக் கதைத்தார். பிறகு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார், நித்திரை கொஞ்சம் தேறியிருக்கிறது என்கிறார். அவர் கட்டிய வலையும் அவர் வீட்டு யன்னலில் இருக்கிறது. அது அவருக்குப் பிடித்திருக்கிறது, அது போதும். மருந்து என்று நினைத்து யாரும் அதற்குக் கீழே தனியாகப் படுத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. அந்த இலக்கத்தை அந்தப் பக்கத்தில் ஒரு மூலையிலாவது போட்டிருக்கலாம். கூச்சப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதவர் போனையாவது எடுப்பார்.

ஆசிரியர் அவர்களே, இந்தச் செய்முறையைத் திரும்ப ஒருமுறை வெளியிடுங்கள். ஒஜிப்வே மக்களின் பெயர் மேலேயே வரட்டும். செய்து முடித்த பொருளின் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டு, நூல் வளையத்தைச் சுற்றித் தன்னைத்தானே பிடிக்கிற அந்த ஒரு கட்டையும், இரண்டாம் சுற்று நடுநூலில் கொளுவுகிற இடத்தையும் பெரிதாகப் போடுங்கள். எழுத்தை மட்டும் வாசித்து அந்த இரண்டையும் பிடிப்பது கஷ்டம், கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். படம் எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் சிலாவத்தைக் கரைக்கே அனுப்புங்கள். வலை இழுத்து மீன் பிரித்து முடிந்தபிறகு எங்கள் ஐயாமார் வாடி நிழலில் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். கேட்டால் கையை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். நூலும் வளையமும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தையல்காரப் பெண் ஒருவர்,
சிலாவத்தை, முல்லைத்தீவு.